நூற்றுப் பதினேழாவது பெயர்

“அவன் வேணும்னே செஞ்சான்னு ஒரு ஆதாரம். எனக்கு அது போதும். நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷன்ல புகார்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அது என் கைல இருக்கணும்.”

மங்களாம்பிகை அழவில்லை. கணவரைப் பறிகொடுத்து இருபத்தோரு நாள் ஆகியிருந்தது. அழுகையெல்லாம் தீர்ந்து கோபத்துக்கு வந்துவிட்டிருந்தார். எனக்கு இப்படிப்பட்டவர்களைக் கண்டால்தான் பயம். அழுகிறவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துச் சமாளிக்கலாம். இவர்களுக்குப் பழி போட ஒரு ஆள் கொடுக்க வேண்டும்.

என் பெயர் ராம்கி. தஞ்சாவூரில் வானதி மேடம் நடத்தும் துப்பறியும் நிறுவனத்தில் அவரைத் தவிர இருக்கும் ஒரே ஊழியன். மேடம் மூளையை ஓட்டுவார், நான் காரை ஓட்டுவேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன்தான், மூன்று பேப்பர் மட்டும் பதினோரு வருஷமாகப் பாக்கி. அதனால் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட கேஸ் வந்தால் மேடம் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார். அது அரை மணி நேரம் தாங்கும்.

“அன்னிக்கு நடந்ததை மறுபடி சொல்லுங்கம்மா” என்றார் வானதி மேடம்.

கதை இதுதான். ஊர் நடுப்படுகை, கொள்ளிடத்தின் தென்கரை. கரைக்கு இந்தப் பக்கம் நெல், அந்தப் பக்கம் ஆற்றுக்குள்ளேயே இருக்கும் திட்டுகளில் கத்தரி, வாழை, வெற்றிலை. மேலே அணை நிரம்பி உபரி நீர் திறந்தால் சில மணி நேரத்தில் திட்டுகள் முழுகிவிடும். அதற்காகவே ஊர்ப் பையன்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் ஒரு ப்ரோகிராம். தண்ணீர் வருகிறது என்று தெரிந்ததும் ஒரு பட்டனைத் தட்டினால் பட்டியலில் உள்ள அத்தனை வீட்டுக்கும் போன் போகும். ‘தண்ணி வருது, கரையேறுங்க’ என்று பதிவு செய்த குரல் சொல்லும். ஆவணி மூன்றாம் தேதி மத்தியானம் இரண்டு பதினாலுக்கு அப்படித்தான் போன் போனது. எல்லாரும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு கரையேறினார்கள். திட்டுக் கொட்டகையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த மங்களாம்பிகையின் கணவர் அமிர்தலிங்கம் மட்டும் ஏறவில்லை. அவருடைய இரண்டு மாடுகளில் ஒன்று நீந்தி வந்தது.

“ப்ரோகிராம் எழுதினது எம் மவன் சூர்யா. சிங்கப்பூர்ல கப்பல் பட்டறைல இருக்கான், லீவு நாள்ல உக்காந்து எழுதிக் கொடுத்தான்” என்றார் மங்களாம்பிகை. “அவன் ஒழுங்காத்தான் கொடுத்தான். இங்க வெச்சு ஓட்டறவன் பாசித்து, செல்போன் ரிப்பேர் கடை. பழைய லிஸ்டையும் புது லிஸ்டையும் சேக்கறேன்னு சொல்லி, எங்க வீட்டுக்காரர் பேருக்கு நேரா எப்பவோ விட்டுப்போன நம்பரைப் போட்டு வெச்சிருக்கான். போலீஸ்ல கேட்டா தவறுதலா நடந்திருக்கும்ங்கறாங்க. தவறுதலாம்! ஆடி மாசம் இவரு அவன் கடை வாசல்ல நின்னு சத்தம் போட்டாரு. கடைத்தெருவே பாத்துச்சு. அந்த வஞ்சம்மா அவனுக்கு.”

“எதுக்குச் சத்தம்?”

“சொல்லல. இவரு எதைத்தான் சொல்லுவாரு.”

“நீங்க அன்னிக்கு எங்க இருந்தீங்க?”

“குடவாசல்ல. அண்ணன் பேத்திக்குச் சடங்கு.”

“மகன் என்ன சொல்றாரு?”

“காரியத்துக்கு வந்தான். கேஸெல்லாம் வேணாம், விடும்மாங்கறான். பாசித்து அவனோட ஒண்ணா படிச்சவன், அதான் இளகறான்.” போலீஸ் கொடுத்த நகல்களை எங்கள் பக்கம் தள்ளினார். “நான் இளகமாட்டேன்.”

காரைக் கரைமேல் நிறுத்தினோம். ஆறு வடிந்து, ஒரு பாவமும் அறியாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. மேடம் பானெட்டில் மூன்று பட்டியல்களையும் விரித்தார். பழையது, புயல் வருஷத்தில் எடுத்தது, அறுபத்து நான்கு பெயர். புதியது, இந்த ஆனியில் எடுத்தது, தொண்ணூற்றாறு பெயர். மூன்றாவது, இரண்டையும் சேர்த்தது.

“படிச்சவனே, விளக்கு” என்றார்.

“பைத்தான்ங்கற மொழியில இதுக்கு டிக்‌ஷனரின்னு பேரு மேடம். இந்தப் பக்கம் பெயர், அந்தப் பக்கம் நம்பர். ஒரு பெயருக்கு ஒரு நம்பர்தான். ரெண்டு டிக்‌ஷனரியைச் சேர்க்கறப்ப, ஒரே பெயர் ரெண்டுலயும் இருந்தா, ரெண்டாவதா வர்றவன் நம்பர் நிக்கும். முதல்ல வந்தவன் நம்பர் அழிஞ்சுடும். பஞ்சாயத்துல கடைசியா பேசறவன் பேச்சு எடுபடற மாதிரி.”

“அப்ப பாசித் வரிசையை மாத்திச் சேர்த்திருந்தா? முதல்ல புதுசு, அப்புறம் பழசு?”

“பழைய நம்பர் நின்னுடும். போலீஸ் சொல்றதும் அதுதான். கேஸ் முடிஞ்சுது, டீ குடிக்கலாமா?”

“ரெண்டு பட்டியல்லயும் இருக்கறவங்க எத்தனை பேர்னு எண்ணு.”

எண்ணினேன். நாற்பத்து மூன்று பேர். அதில் இடையில் நம்பர் மாற்றியவர்கள் பத்தொன்பது பேர். பதினெட்டுப் பேருக்குப் புது நம்பர்தான் நின்றிருந்தது. அமிர்தலிங்கம் ஒருவருக்கு மட்டும் பழையது.

டீ ஆசை போய்விட்டது. வரிசை மாறியிருந்தால் பத்தொன்பது பேருக்கும் மாறியிருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பங்காளிச் சண்டை தெரியாது. ஒரே ஒரு ஆளைப் பொறுக்கி எடுத்து வஞ்சம் தீர்க்க மனுஷனால்தான் முடியும்.

“ஆக, தவறு இல்ல. கை வெச்சிருக்காங்க. அந்தம்மா சொன்னது சரிதான் மேடம்.”

“அவசரப்படாதே. இவர் பழைய பட்டியல்ல எத்தனாவது?”

“ஏழு. மேலத்தெரு.”

“சேர்த்ததுல?”

தேடினேன். ஏழாவது இடத்தில் இல்லை. மேலத்தெருவில் இல்லை, கீழத்தெருவில் இல்லை. கடைசித் தாளின் கடைசி வரியில் இருந்தார். நூற்றுப் பதினேழு.

“யாராவது நம்பரை மட்டும் மாத்தியிருந்தா, பெயரோட இடம் மாறுமா?” என்று கேட்டார் மேடம்.

மாறாது. அது எனக்குத் தெரியும். இதே கேள்வியில்தான் ஒரு பேப்பரே போனது. நம்பரை மாற்றினாலும் பெயர் நின்ற இடத்திலேயே நிற்கும். ரேஷன் கடை வரிசையில் கையிலுள்ள பையை மாற்றிக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வரிசையை விட்டே போய்விட்டுத் திரும்பி வந்தால்தான் வாலில் நிற்கச் சொல்வார்கள்.

“அவர் பெயரை மொத்தமா எடுத்துட்டு, அப்புறம் திரும்பப் போட்டிருக்காங்க மேடம்.”

“கொல்ல நினைக்கிறவன் எடுத்தா எடுத்தபடி விடுவான். எதுக்குத் திரும்பப் போடணும்?” மேடம் தாள்களை மடித்தார். “வண்டியை எடு.”

பாசித்தின் கடை ஷட்டரில் யாரோ சாணியை அடித்திருந்தார்கள். காய்ந்து போயிருந்தது, கழுவ அவன் வெளியே வரவில்லை. பின்பக்கம்தான் வீடு. இருபத்தெட்டு வயது இருக்கும், அன்று அதில் பத்து கூட்டிச் சொல்லலாம். எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான்.

“வாங்க மேடம். உக்காருங்க அண்ணே. அம்மா அனுப்பிச்சாங்களா?” மங்களாம்பிகையைத்தான் அம்மா என்றான்.

“உன்னை உள்ள தள்ள அனுப்பிச்சாங்க” என்றேன்.

“தெரியும் அண்ணே.”

மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார். “ஆடி மாசம் அமிர்தலிங்கம் உன் கடைக்கு வந்து சத்தம் போட்டாரு. என் பேரை எடுன்னு சொன்னாரா?”

பாசித் நிமிர்ந்து பார்த்தான். இருபத்தோரு நாளில் சரியான கேள்வியைக் கேட்ட முதல் ஆள் மேடம்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

“சொன்னாரு. அவருக்கும் சூர்யாவுக்கும் ரெண்டு வருஷமா பேச்சில்ல. நான் இனி வயல்ல எறங்கமாட்டேன், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடுங்கன்னு சூர்யா சொல்லிட்டான். அதுல இருந்து. டெஸ்ட் கால் போனப்பத்தான் இது சூர்யா எழுதினதுன்னு அவருக்குத் தெரிஞ்சுது. நேரா வந்துட்டாரு. ‘அந்தப் பய எழுதினதுல என் பேரு இருக்கக்கூடாது, எடுடா’ன்னாரு. எவ்வளவோ சொன்னேன். நிக்க வெச்சு, கண்ணு முன்னாடி எடுக்க வெச்சுட்டுத்தான் போனாரு.”

“இதை ஏன் போலீஸ்ல சொல்லல?”

“சொன்னா அடுத்த கேள்வி வரும் மேடம்.”

“யாரு திரும்பப் போட்டதுன்னு.”

“நான்தான் போட்டேன்.”

“பழைய நம்பரை ஏன் போட்டே?”

“தவறிடுச்சு.”

“பொய்யை இவ்வளவு மோசமா சொல்றவனை நான் பாத்ததில்லப்பா” என்றேன். “எங்க மேடம்கிட்ட லீவு கேட்கறப்ப நானே இதைவிட நல்லா சொல்வேன்.”

அவன் சிரிக்கவில்லை. மேடம் கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். அன்றைக்கு ப்ரோகிராம் யார் யாருக்குப் போன் செய்தது என்ற பதிவு. போலீஸ் அதில் நம்பரைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தது. தப்பான நம்பர் என்று தெரிந்ததும் அவர்களுக்குத் திருப்தி, பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கவில்லை. மேடம் அதில்தான் விரலை வைத்தார்.

“எடுத்திருக்காங்க. நாற்பத்தோரு செகண்ட் கேட்டிருக்காங்க. விட்டுப்போன நம்பரா இது, பாசித்?”

பாசித் தரையைப் பார்த்தான்.

“நான் ரெண்டே முக்காலுக்குக் கரைக்கு ஓடினேன் மேடம். ஒரு கால் வந்துச்சு, ஓடினேன். அதுக்குள்ள கழுத்தளவு. லேட்டா வந்தேன்னுதான் ஊரு என்னை அடிக்க வந்துச்சு. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.”

“நாளைக்கு உள்ள போயிடுவே.”

“எனக்கு அத்தா இல்ல. பள்ளிக்கூடம் விட்டா அந்த வீட்லதான் சோறு” என்றான். “அம்மாவுக்கு ஒரு சாவு போதும் மேடம்.”

காரில் ஏறியதும் நான் கேட்டேன். “அந்த நம்பர் யார்கிட்ட இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? போலீஸ் அடிச்சப்ப யாரும் எடுக்கலன்னு எழுதியிருக்கு.”

“தெரியாத நம்பர்ல இருந்து வந்தா எடுக்கமாட்டாங்க” என்றார் மேடம். “தெரிஞ்ச நம்பர்ல இருந்து போகணும்.”

மங்களாம்பிகை வாசலுக்கே வந்துவிட்டார். “கிடைச்சுதா?”

“கிடைச்ச மாதிரிதான். உங்க போனைக் கொஞ்சம் கொடுங்கம்மா, ஒரு கால் பண்ணிக்கறேன்.”

மேடம் அந்தப் பழைய நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். மங்களாம்பிகைக்கு நம்பரெல்லாம் மனப்பாடம் இல்லை, போட்டோவைத் தொட்டுப் பேசுகிறவர். அவர் கையைப் பிசைந்துகொண்டு என்னையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான்காவது ரிங்கில் எடுத்தார்கள். பின்னால் இரும்பைத் தட்டும் சத்தம்.

“அம்மா? ஏம்மா, இந்த நம்பருக்குக் கூப்பிடறே? இது பேங்க் ஓடிபிக்கு வெச்சிருக்கற சிம்மாச்சே!”

மங்களாம்பிகை போனை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார்.

“சூர்யா, நான் வானதி. உங்க அம்மா கேஸைக் கொடுத்திருக்கற டிடெக்டிவ். அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. ஆவணி மூணாம் தேதி இந்த நம்பருக்கு நாற்பத்தோரு செகண்ட் ஒரு கால் வந்திருக்கு.”

இரும்புச் சத்தம் தூரமாகப் போனது. எங்கோ ஒதுங்கி நின்றிருக்க வேண்டும்.

“வந்துச்சு மேடம்.” உடைந்த குரல். “அப்பா பேரை எடுக்கச் சொல்லிட்டாருன்னு பாசித்து சொன்னான். நான்தான் கெஞ்சினேன். திரும்பப் போடுடா, என்கிட்ட இருக்கற அப்பாவோட பழைய நம்பரைப் போடு, தண்ணி வந்தா நானே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிக்கறேன்னேன். அவன் வேணாம்னான். அந்த ஒரு காலாவது அவரு எடுத்துத்தானே ஆகணும் மேடம்? அப்படியாவது பேசிடலாம்னு நெனச்சேன்.”

“கூப்பிட்டீங்களா?”

“உடனே கூப்பிட்டேன். என் பேரைப் பாத்துட்டுக் கட் பண்ணாரு. மூணு தடவை. அப்புறம் பிளாக்கே பண்ணிட்டாரு. வேற யாரு கூப்பிட்டிருந்தாலும் எடுத்திருப்பாரு. அம்மாவுக்கு அடிச்சேன், எடுக்கல. கடைசில பாசித்துக்கு அடிச்சேன். முதல்லயே அவனுக்கு அடிச்சிருக்கணும். அப்பாவே எடுப்பாரு, எடுப்பாருன்னு அரை மணி நேரத்தை விட்டுட்டேன்.”

அழத் தொடங்கிவிட்டான். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. செத்துப்போனவர்மேல்தான் முதலில் வந்தது. சாகிற மத்தியானத்திலும் வீம்பு பிடித்தவர். ஒரு பச்சைப் பொத்தானைத் தொட்டிருந்தால் போதும்.

“நான் பாத்தேன்” என்றார் மங்களாம்பிகை.

மேடம் அவர் பக்கம் திரும்பினார்.

“சடங்கு வீட்ல போட்டோ எடுக்கலாம்னு போனை எடுத்தேன். இவன் பேரு ஓடிக்கிட்டிருந்துச்சு. அப்பாவைப் பத்திப் பொலம்பத்தான் கூப்பிடறான், பொறவு பேசிக்கலாம்னு விட்டுட்டேன். அது அடிச்சு ஓயற வரைக்கும் கைலயே வெச்சிருந்தேன். அப்புறம் போட்டோ எடுத்தேன்.”

அவர் உள்ளே போய், கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். வந்தபோது பழையபடி ஆகியிருந்தார்.

“நாளைக்கு நான் போகத்தான் போறேன்” என்றார்.

“எங்கம்மா?” என்றேன், புரியாமல்.

“ஸ்டேஷனுக்கு. கையெழுத்துப் போட.”

“உண்மை தெரிஞ்சப்புறமுமா?” என்றார் மேடம்.

“போடலன்னா ஏன் போடலன்னு ஊரு கேக்கும். கேட்டா எம் மவன் பேரு வரும். நான் போனை எடுக்காததும் வரும். அப்பனைக் கொன்னவன், புருஷனைக் கொன்னவள்னு எங்களைச் சொல்லும். எனக்கு இருக்கறது ஒரே பிள்ளை.”

“பாசித் உள்ள போயிடுவான். அவன் உண்மையைச் சொன்னா என்ன செய்வீங்க?”

“சொல்லமாட்டான்.”

“அது எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?”

“இருபத்தோரு நாளா சொல்லலையே” என்றார் மங்களாம்பிகை. “அவன் நல்ல பிள்ளை.”

சோறு போட்ட கையை நம்பி ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இவரோ அவன் நல்லவன் என்று தெரிந்துகொண்டே அவனைப் பிடித்துக் கொடுக்கப் போகிறார். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் தப்பித்திருப்பான். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மேடம் கண்ணாலேயே அடக்கினார்.

போனை யாரும் வைக்கவில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

“அம்மா, போடாதே. சத்தியமா போடாதே. நானே பேசறேன், எல்லாத்தையும் நானே சொல்—”

மங்களாம்பிகை போனைப் பறித்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

உடனே மறுபடி அடித்தது. திரையில் சூர்யா, ஏதோ கடற்கரையில் தொப்பி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அவனுடைய சிங்கப்பூர் நம்பர். அவர் அதையும் கட் செய்தார்.

இன்னொரு முறை அடித்தபோது மேடம் அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

“சொல்லுங்க சூர்யா. இன்ஸ்பெக்டரோட செல் நம்பர் தர்றேன். எழுதிக்கோங்க.”

“உங்களைக் கூப்பிட்டது நான்” என்றார் மங்களாம்பிகை. “என் வேலைய பாக்க வந்துட்டு எம் பிள்ளையவே காட்டிக் கொடுக்கறீங்களா?”

மேடம் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். அந்த முனையில் அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். பத்து இலக்கமும் முடிகிறவரை அந்தத் தாய் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.